பதினைந்து நாளைக்கு ஒரு கண்ணாடி

— பேஷண்ட் நேர்ல வரணும் சார். நீங்க மட்டும் வந்தா நாங்க யாரோட கண்ணை அளக்கறது?

— அவ வர மாட்டா.

— இன்னிக்கு முடியலேன்னா நாளைக்குன்னு சொல்லவும் வழியில்ல. பாருங்க, லேசர் தவணைத் திட்டத்துல சேர்ந்து இன்னியோட ஒரு வருஷம். அஞ்சு மணிக்கு சிஸ்டம் தானா மூடிடும். ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்களேன்.

— அவ போன் என் பையிலதான் இருக்கு.

— வீட்டுல வேற யாராவது…

— இந்தக் காகிதத்தைப் பாருங்க.

— என்ன இது? ஐயோ. சார், மன்னிச்சுக்கங்க. எனக்குத் தெரியாது. மார்ச் பன்னெண்டா?

— ஆமா.

— உங்க வீட்டுக்காரங்களா?

— ஆமா.

— எப்படி சார்?

— ரோட்டைக் கடக்கும்போது. பால் வண்டி.

— இருபத்தொம்பது வயசுன்னு போட்டிருக்கு. கடவுளே. கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?

— வேண்டாம். அடுத்து என்ன செய்யணும்னு சொல்லுங்க.

— இருங்க, ஃபைலைத் திறக்கறேன். பாருங்க, இதுல ஒண்ணு இடிக்குது. பத்துத் தவணையும் கட்டி முடிஞ்சிருக்கு. கடைசித் தவணை ஜூலை.

— ஆமா.

— மார்ச்லயே அவங்க…

— ஆறு அவ கட்டினது. நாலு நான் கட்டினேன்.

— ஏன் சார்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போமே.

— மாசா மாசம் அஞ்சாம் தேதி அவ போனுக்கு மெசேஜ் வரும். உங்கள் தெளிவான பார்வைக்கு இன்னும் நான்கே தவணைன்னு. அடுத்த மாசம் மூணேன்னு. கட்டினேன்.

— அதெல்லாம் தானா போற மெசேஜ் சார். மனுஷங்க யாரும் அனுப்பறதில்ல.

— தெரியும். நானும் அப்ப தானாத்தான் கட்டினேன்.

— சரி சார். ஒண்ணும் கவலைப்படாதீங்க. பணம் எங்கேயும் போகாது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, திருப்பி வாங்கிக்கலாம். நிர்வாகச் செலவுன்னு முப்பது சதவீதம் கழிப்பாங்க. மீதி வர ரெண்டு மாசம் ஆகும்.

— இன்னொண்ணு?

— அவங்க குடும்பத்துல ஒருத்தர் பேருக்கு மாத்தலாம். ஒரு பைசா கழிக்க மாட்டாங்க. நீங்க கையெழுத்துப் போட்டா போதும். இன்னொரு சலுகையும் இருக்கு, வாழ்நாள் உத்தரவாதம். பவர் திரும்ப வந்தா இலவசமா இன்னொரு தடவை பண்ணுவோம்.

— வாழ்நாள்னா யாரோட வாழ்நாள்?

— சார்…

— சும்மா கேட்டேன். அவ தங்கச்சி வந்திருக்கா. அவ பேருக்கு மாத்தத்தான் வந்தோம். உள்ள எழுத்துப் படிக்கப் போயிருக்கா.

— மாமா! ஒரே கூத்து போங்க. லென்ஸோட கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சேன். சரி, கழட்டிட்டுப் படின்னாங்க. பலகை எந்தச் சுவத்துல இருக்குன்னு நான் அவங்களைக் கேக்க வேண்டியதாப் போச்சு.

— வந்துட்டா. இவதான்.

— வணக்கம் மேடம். இவர் ஏதாவது சொன்னாரா, இல்ல தலையை மட்டும் ஆட்டினாரா? இவர் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை எடுக்கணும்னா பல் டாக்டர் வரணும்.

— சொன்னாரும்மா. அக்காவைப் பத்தியும் சொன்னாரு.

— ஓ. சரி.

— உட்காரும்மா. இப்ப லென்ஸ் போட்டிருக்கியா?

— திரும்பப் போட்டுக்கிட்டுத்தான் வந்தேன். இல்லேன்னா இந்நேரம் பக்கத்து டாக்டர் ரூம்ல உட்கார்ந்து அவரை மாமான்னு கூப்பிட்டிருப்பேன்.

— பாத்தா தெரியவே இல்லையே.

— அதான் மேடம் லென்ஸோட வசதி. போட்டிருக்கேனா இல்லையான்னு பெத்தவங்களுக்கே தெரியாது.

— பவர் எவ்வளவு?

— மைனஸ் ஆறரை. அக்காவுக்கு ஆறு. இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் அவளை முந்திட்டேன்.

— இப்ப இவ்வளவு அவசரமா எதுக்கும்மா லேசர்? கல்யாணமா?

— எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. தீயணைப்புல ஆள் எடுக்கறாங்க மேடம். ஓட்டத்துல பாஸ். கயிறு ஏறினேன், பாஸ். அறுபது கிலோ பொம்மையைத் தோள்ல போட்டு மூணு மாடி எறங்கினேன். அதுலயும் பாஸ். கண்ணுல ஃபெயில்.

— கண்ணாடி போட்டுக்க விட மாட்டாங்களா?

— புகைக்குள்ள கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டு நிப்பியான்னு அந்த அதிகாரி கேட்டாரு. லேசர் பண்ணிக்கிட்டு வா, ஆனா பண்ணி ஆறு மாசம் ஆகியிருக்கணும்னாரு. அடுத்த தேர்வு மே மாசம். இந்த மாசம் பண்ணினாத்தான் கணக்கு சரியா வரும். அதுக்கப்புறம் எனக்கு வயசு தாண்டிடும். பில் கவுண்டர்லயே உட்கார்ந்து கெழவியாக வேண்டியதுதான்.

— சூப்பர் மார்க்கெட்டா?

— ஆமா. பீப், பீப், பீப். கனவுலயும் பீப்.

— இவ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. ஃபாரத்தைக் குடுங்க.

— பேசட்டும் சார். அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்குமே சின்ன வயசுலேர்ந்து பவரா?

— ஸ்கூல்லேர்ந்தே மேடம். என்னோடது உடைஞ்சு போய் ஒரு வருஷம் வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணாடி. காலையில அவளுக்குக் கணக்குப் பாடம், அவ போட்டுக்குவா. மத்தியானம் எனக்கு. ரோட்டைக் கடக்கணும்னா கண்ணாடி போட்டவ முதல்ல தாண்டிப் போய் அந்தப் பக்கம் நிக்கணும். ரெண்டு பக்கமும் பாத்துட்டுக் கையைத் தூக்கி ஆட்டணும். அப்புறம்தான் மத்தவ காலை எடுத்து வைப்பா.

— கையைப் புடிச்சே கூட்டிட்டுப் போயிருக்கலாமே?

— கண்ணாடி போட்டவளுக்கு அவ்வளவு கர்வம் மேடம். மகாராணி மாதிரி முன்னாடி போகணும். வளந்து ஆளாளுக்கு லென்ஸ் வந்தப்புறமும் அந்தப் பழக்கம் போகல. ஒருத்தி லென்ஸ் போடலேன்னா மத்தவ முன்னாடி போய் கை காட்டுவா.

— அன்னிக்கும் அப்படித்தான்.

— மாமா, அதை ஏன் இப்ப…

— அவங்க கேட்டாங்க. சொல்றேன். அன்னிக்கு இவ முன்னாடி போய் கை காட்டினா. அவ ரோட்டுல எறங்கினா. வண்டி வந்துச்சு.

— ஐயோ. கண்ணு முன்னாடியேவா?

— இவ கண்ணு முன்னாடி.

— ஃபாரம் குடுங்க மேடம்.

— தர்றேம்மா. நானே கேட்டு எழுதிடறேன். சர்க்கரை, பிரஷர் ஏதாவது?

— இல்ல.

— வீட்டுல யாருக்காவது கண்ணுல பெரிய வியாதி?

— பவர் தவிர ஒண்ணுமில்ல.

— லென்ஸ் எத்தனை வருஷமா?

— ஏழு.

— போன ஒரு வருஷத்துல கண்ணு சிவந்து, சீழ் புடிச்சு, வலின்னு லென்ஸ் போடாம இருந்த நாள் உண்டா?

— இல்ல.

— யோசிச்சுச் சொல்லும்மா. இது முக்கியமான கேள்வி. கருவிழியில தழும்பு இருந்தா லேசர் எடக்குப் பண்ணும். அப்படி ஏதாவது இருந்தா இந்த வருஷம் சேர்க்க மாட்டாங்க.

— இல்ல மேடம். ஒரு நாள் கூட இல்ல.

— ரொம்ப நல்லது. இந்தத் தாளைப் புடி. ஆபரேஷனுக்கு முன்னாடி என்ன பண்ணணும், என்ன பண்ணக்கூடாதுன்னு இருக்கு. முதல் வரிதான் எல்லாரும் கோட்டை விடற எடம். கண்ணை அளக்கறதுக்கு முன்னாடி பதினஞ்சு நாள் லென்ஸ் போடவே கூடாது.

— ஒரு நாள் கூடவா?

— ஒரு மணி நேரம் கூட. லென்ஸ் கருவிழியை அழுத்தி வெச்சிருக்கும். அது தன் வடிவத்துக்குத் திரும்பணும். இல்லேன்னா அளவு தப்பாப் போகும். அந்தப் பதினஞ்சு நாளும் கண்ணாடிதான்.

— உன்கிட்ட கண்ணாடி இருக்கா?

— இருக்கு மாமா.

— எப்ப வாங்கினது?

— காலேஜ் சேர்ந்தப்போ.

— பவர்?

— என்ன மாமா, நீங்க டாக்டரா? நாலோ நாலரையோ.

— உனக்கு ஆறரை.

— பரவால்ல. பில் போடறதுக்குக் கிட்டப் பார்வை போதும். அந்தச் சோடாபுட்டியை நான் வெளியில போட மாட்டேன். வெறும் கண்ணோடயே பதினஞ்சு நாளை ஓட்டிடுவேன்.

— புதுசு வாங்கு. சரியான பவர்ல.

— பதினஞ்சு நாளைக்கு எதுக்கு மாமா புதுக் கண்ணாடி? அப்புறம் தூக்கிப் போடப்போறோம். தண்டச் செலவு.

— என்ன சொன்னே?

— தண்டச் செலவுன்னேன்.

— மேடம், ஃபாரத்தை எடுத்து வைங்க. நான் கையெழுத்துப் போடல.

— சார்?

— மாமா, வெளையாடாதீங்க.

— வெளையாடல. பணத்தைத் திருப்பிக் குடுங்க. முப்பது சதவீதம் கழிச்சா கழிச்சுக்கங்க.

— மாமா!

— சார், மணி நாலேகால் ஆச்சு. அஞ்சுக்கு மூடிடும், அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் முடியாது. பாருங்க, ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் இந்தச் சான்றிதழை நகல் எடுத்துட்டு வர்றேன். மெஷின் மாடியில இருக்கு.

— போயிட்டு வாங்க.

— மாமா. என்னைப் பாருங்க. என்ன ஆச்சு உங்களுக்கு? மூணு மாசமா நீங்கதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க, அவ பணம் உனக்குத்தான், உனக்குத்தான்னு. அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்.

— எனக்கும் லீவுதான்.

— பணம் வேணுமா? அப்படின்னா வாயைத் திறந்து சொல்லுங்க. அக்கா சும்மாவா உங்களுக்குப் பைசான்னு பேர் வெச்சா?

— வெச்சா.

— சோப்பு கரைஞ்சு காகிதமானாலும் புது சோப்புல ஒட்டிக் குளிப்பீங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நான் உங்களுக்காகச் சண்டை போடுவேன் அவகிட்ட. மாமா அப்படி இல்லடின்னு. இப்ப தெரியுது.

— கொஞ்சம் மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். கண்ணாஸ்பத்திரிதானே, எவனுக்கும் ஒழுங்காத் தெரியாது. அவ கட்டினது ஆறு தவணை. அவ காசு. மத்தியானச் சாப்பாட்டுக் காசை மிச்சம் புடிச்சுச் சேத்தது. அதுல முப்பது சதவீதம் இவங்களுக்குத் தண்டம் கட்டுவீங்க, எனக்குத் தர மாட்டீங்க. அப்படித்தானே?

— பணம் இல்ல.

— வேற என்ன?

— அந்தப் பதினஞ்சு நாள்.

— என்ன பதினஞ்சு நாள்?

— அவளும் இதே தாளை வாங்கிட்டு வந்தா. மார்ச் அஞ்சாம் தேதி. ஆறாவது தவணையைக் கட்டின அன்னிக்கு. ஆறு கட்டினா ஆபரேஷன் பண்ணிடுவாங்க, மீதியை அப்புறம் கட்டலாம். கண்ணை அளக்க இருபதாம் தேதி வரச் சொல்லியிருந்தாங்க.

— அது எனக்குத் தெரியும்.

— இது தெரியாது. கேளு. வர்ற வழியில கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கா. புது பவர்ல ஒரு கண்ணாடி என்ன ஆகும்னு ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி வாங்கிட்டு வந்தா. இருக்கறதுலயே மட்டமான ஃப்ரேம். அதைச் சமையலறை மேடையில வெச்சா. நான் தட்டு கழுவிக்கிட்டிருந்தேன்.

— ம்.

— பதினஞ்சு நாளைக்கு எதுக்குடி, அப்புறம் தூக்கிப் போடப்போறே, தண்டச் செலவுன்னேன்.

— மாமா…

— நீ இப்ப சொன்னியே. ஒரு எழுத்து மாறாம அதேதான்.

— அவ என்ன சொன்னா?

— அந்தக் காகிதத்தாலயே மேடை ஈரத்தைத் தொடைச்சுக் குப்பையில போட்டா. சரி பைசா, உங்க கணக்கு எப்பவும் சரியாத்தான் இருக்கும்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. பழைய கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டா. ஒரு பக்கக் காதுக்கம்பி உடைஞ்சது. டேப் ஒட்டிக் குடுத்தேன். அதுக்கு டேப் செலவு மட்டும்தான்.

— வேண்டாம் மாமா. போதும்.

— ஆஸ்பத்திரில அவ சாமானை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்தாங்க. வளையல், பை, போன், கண்ணாடி. கண்ணாடியில ஒரு பக்கம் மட்டும் உடையாம இருந்துச்சு. அதைக் கடைக்குக் கொண்டு போய் பவர் என்னன்னு பாக்கச் சொன்னேன்.

— எதுக்கு?

— தெரிஞ்சுக்கணும்னு. மைனஸ் மூணு. அவ கண்ணுல பாதி. வண்டி எவ்வளவு தூரத்துல வந்தா அவளுக்குத் தெரியும்னு கேட்டேன். அந்தக் கடைக்காரர் டீ வாங்கித் தரட்டுமான்னாரு.

— நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்குத் தெரியுமா இப்படி ஆகும்னு? இது அந்த வண்டிக்காரன் பண்ணினது.

— அப்படித்தான் ஏழு மாசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவன் பொண்டாட்டி போன மாசம் வீட்டுக்கு வந்தா. உனக்குச் சொல்லல.

— எதுக்கு வந்தா?

— லைசென்ஸைப் புடுங்கிட்டாங்க, வேலை போச்சு, தீர்ப்பு வந்தா ரெண்டு வருஷம் உள்ள வெப்பாங்களாம். என் வீட்டுக்காரர் ஹார்ன் அடிச்சாரு, மெதுவாத்தான் வந்தாரு, அந்தப் பொண்ணு எதிர்ப்பக்கத்தையே பாத்துக்கிட்டு நேரா வந்துச்சுன்னா. நான் கதவைச் சாத்திட்டேன். ரொம்ப நேரம் வெளியில நின்னுக்கிட்டிருந்தா.

— அவங்க அப்படித்தான் சொல்வாங்க.

— சொல்லட்டும். நீ போலீஸ்ல சொன்னதுதான் நிக்கும். ரோடு காலியா இருந்துச்சு, பாத்துட்டுத்தான் கை காட்டினேன், வண்டி எங்கேயிருந்தோ பாஞ்சு வந்துச்சு. அந்த ஒரு வாக்குமூலம்தான் கேஸே. வக்கீல் சொன்னாரு, அடுத்த மாசம் நீ கோர்ட்டுல அதையே சொன்னா போதும்னு.

— தெரியும்.

— ஆனா எனக்கு ராத்திரி படுத்தா அவன் தெரியறதில்ல. குப்பைக் கூடைதான் தெரியுது. உள்ள அந்த ஈரக் காகிதம்.

— உங்க மேல தப்பில்ல மாமா.

— இருக்கு. உன் மேலதான் இல்ல. நீ உன்னால முடிஞ்சதைச் செஞ்சே. நல்ல கண்ணோட அந்தப் பக்கம் நின்னு, பாத்துக் கை காட்டினே. அவளுக்கு ஒழுங்கா ஒரு கண்ணாடி இருந்திருந்தா, வண்டி பாஞ்சு வந்தப்போ ரெண்டடி பின்னால போயிருப்பா. அவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு. ரெண்டடி.

— இப்படிச் சொல்லாதீங்க.

— நீ அன்னிக்கு ஆஸ்பத்திரில எப்படி இருந்தேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. கண்ணு ரெண்டும் ரத்தமாச் சிவந்து, திறக்க முடியாம. எல்லாரும் உன்னைத்தான் தேத்தினாங்க. எப்படி அழுதிருக்கா பாரு, கூடப் பொறந்தவன்னாங்க. எனக்குச் சொட்டுத் தண்ணி வரல. உன்னைப் பாத்துப் பொறாமைப்பட்டேன்.

— மாமா, நான்…

— முடிக்க விடு. இவ்வளவு பேசறதே எனக்கு அதிசயம். இப்ப நீ அதே தாளைக் கையில வெச்சுக்கிட்டு, அதே வார்த்தையைச் சொல்லிட்டு, வெறும் கண்ணோட பதினஞ்சு நாள் ரோட்டுல நடக்கறேங்கறே. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

— அதுக்குத்தானா?

— அதுக்குத்தான்.

— நான் பணத்தைப் பத்திப் பேசினதை மறந்துடுங்க.

— அதுல பாதி உண்மைதான். சோப்பு ஒட்டறது இன்னிக்கும் நடக்குது. எழுந்திரு. கீழே கண்ணாடிக் கடை இருக்கு, வரும்போது பாத்தேன். இப்பவே போய் ஆறரை பவர்ல கண்ணாடி சொல்லுவோம். நல்ல ஃப்ரேமா எடு. வெலை பாக்காதே. ரசீதை என் கையில குடுத்தப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்.

— மணி நாலரை ஆகுது மாமா.

— அப்ப கையெழுத்து முதல்ல. ஆனா கண்ணாடி வர்ற வரைக்கும் உன் லென்ஸைக் கழட்டக் கூடாது. சத்தியம் பண்ணு.

— மாமா, அடுத்த மாசம் கோர்ட்டுக்கு நீங்களும் வருவீங்களா?

— வருவேன். ஏன்?

— சும்மா.

— நான் அந்தக் கண்ணாடி விஷயத்தை ஜட்ஜ்கிட்ட சொல்லலாம்னு இருக்கேன். அவனுக்கு ஒரு ரெண்டு மாசமாவது குறையுமான்னு பாப்போம். உன் வாக்குமூலம் உன் வாக்குமூலமாவே இருக்கட்டும். அதுல ஒண்ணும் மாறப் போறதில்ல.

— அவங்களுக்குக் கொழந்தை இருக்கா? அந்த வண்டிக்காரனுக்கு?

— ரெண்டு. ஒண்ணு இடுப்புல இருந்துச்சு, அவ வந்தப்போ.

— மன்னிச்சுக்கங்க சார், மெஷின்ல காகிதம் சிக்கிக்கிச்சு. முடிவு பண்ணிட்டீங்களா? பாருங்க, இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு.

— பண்ணியாச்சு. இவ பேருக்கு மாத்திடுங்க.

— அப்பாடா. எனக்கே படபடன்னு இருந்துச்சு சார். உங்க வீட்டுக்காரங்க இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. மூணு கையெழுத்து. பக்கத்துல சொந்தம் என்னன்னு எழுதணும்.

— பேனா?

— இந்தாங்க.

— மாமா, பொறுங்க. போடாதீங்க.

— மறுபடியும் என்ன?

— மேடம், அந்த ஃபாரத்துல ஒரு பதிலை மாத்தணும்.

— எதும்மா?

— லென்ஸ் போடாம இருந்த நாள் உண்டான்னு கேட்டீங்களே.

— இல்லன்னு எழுதிட்டேனே.

— அதை அடிச்சுட்டு உண்டுன்னு எழுதுங்க. ரெண்டு கண்ணும் சிவந்து சீழ் புடிச்சிருந்துச்சு. மருந்துக்கடையில சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். யாருக்கும் சொல்லல. அக்காவுக்கும்.

— ஐயோ, என்னம்மா நீ? இப்ப நான் இதை எழுதினா உன்னைச் சேர்க்க மாட்டாங்க. தெரிஞ்சுதான் சொல்றியா?

— தெரிஞ்சுதான்.

— மே மாசத் தேர்வு?

— எழுதுங்க மேடம்.

— என்ன பேசறே நீ? எப்ப உனக்குக் கண்ணுல சீழ் புடிச்சுது?

— சார், இருங்க. நானே கேக்கறேன், எழுதணும். எத்தனை நாள் லென்ஸ் போடல?

— ஏழு நாள்.

— அந்த ஏழு நாளும் கண்ணாடி போட்டியா?

— இல்ல. வெறும் கண்ணு.

— எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்?

— மார்ச் ஒன்பதுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும். பன்னெண்டாம் தேதி நான் கை காட்டினப்போ ரோடு காலியா இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது, மாமா.